இல்லறக் கணக்கு: உயரமா, நீளமா?



சென்ற திங்கள் இப்பகுதியில் வீட்டு வாடகை முன்பணத்தைப் பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் மோட்டார் காரைப் பற்றி எழுத நேர்ந்துள்ளது. ஸ்கூட்டர் ஒன்றைத் தவிர வேறு சொந்த வாகனம் அறியாத ரயில்வே குமாஸ்தாவுக்கு இதில் என்ன தகுதி என்று சிலர் நகைக்கக்கூடும். பார்சல் ஆபீசில் பல ஆண்டுகளாகப் பிறர் பொருளை அளந்தும் நிறுத்தும் வருகிறோம். அளவு நாடாவும் தராசும் முகதாட்சணியம் பார்ப்பதில்லை என்பதை அங்கே கற்றோம். அதுவே போதிய தகுதி எனக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நடந்தது இதுதான். நம் மன்றத்து மூத்த அன்பர் ஒருவர் அல்சூரில் குடியிருக்கிறார். நம் இலாகாவிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய துணைவியாருக்கு நெடுநாளாக மூட்டுவாதம். நாலடி நடப்பதற்கும் கைப்பிடி வேண்டும். வெளியூர் சென்றால் மடக்கும் சக்கர நாற்காலி வேண்டும். ஆயினும் சேலத்தை அடுத்த ஊரில் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கும் தம் தாயாரை மாதம் ஒருமுறையேனும் கண்டு வராவிட்டால் அந்த அம்மையாருக்கு உறக்கம் கொள்ளாது. இதுவரை வாடகைக் காரில் சென்று வந்தனர். இப்போது தந்தையின் பணிக்கொடையில் ஒரு பகுதியும் மகனின் வங்கிக் கடனும் சேர்த்துச் சொந்தக் கார் வாங்குவதெனத் தீர்மானித்தனர்.

தீர்மானம் எளிது, தேர்வுதான் அரிது. எலெக்ட்ரானிக் சிட்டியில் கணினித் தொழில் புரியும் மகன், ஆறாண்டு ஓடிய உயர்தர ஐரோப்பிய எஸ்டேட் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். மருமகளோ புதிய சிறிய எஸ்.யு.வி. ஒன்றே போதும் என்றார். இரண்டு மாதம் வாதம் ஓயவில்லை. இறுதியில் பெரியவர் இருவரையும் நம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

எஸ்டேட் கார் என்பது யாது? செடான் காரின் கூரையைக் கடைசி வரை நீட்டி, டிக்கியையும் உள்ளறையோடு சேர்த்துவிட்டால் அதுவே எஸ்டேட். அமெரிக்கர் அதனை ஸ்டேஷன் வேகன் என்பர். ரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் ஏற்றிச் செல்லப் பிறந்த வண்டியாதலின் அப்பெயர் வாய்த்தது. நம் இலாகாவுக்கு உறவு முறையான வண்டி என்பதால் நமக்கும் அதன்மேல் சிறிது பற்று உண்டு என்பதை மறைப்பானேன்!

நம் நாட்டில் அவ்வண்டி வேரூன்றவில்லை. 1992 இல் டாடா எஸ்டேட் வந்தது. பின்னர் மாருதியின் பலேனோ அல்டூரா வந்தது. 2004 இல் டாடாவின் இண்டிகோ மெரீனா வந்தது. ஒன்றும் நிலைக்கவில்லை. உயர்தர வரிசையில் 2017 இல் வால்வோ வி90 கிராஸ் கண்ட்ரி ஏறத்தாழ 60 இலட்ச ரூபாய் விலையில் வந்தது. அதுவும் சில ஆண்டுகளில் விற்பனையினின்று விலகியது.

இதற்கு மக்களின் மனப்பாங்கு ஒரு காரணம். வரி மற்றொரு காரணம். 2006 ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலாயின் 1200, டீசலாயின் 1500 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உடைய கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்றுமுதல் வண்டியின் வாலுக்கு விலை ஏற்பட்டுவிட்டது. நீண்ட வாலுடன் மெரீனாவை விற்ற அதே டாடா, 2008 இல் வாலைக் குறைத்து 4 மீட்டருக்குள் இண்டிகோ சி.எஸ். என்னும் காரைக் கொணர்ந்தது. பின்னர் எக்கோஸ்போர்ட் (2013), பிரெஸ்ஸா (2016), நெக்ஸான் (2017), வென்யூ (2019) என உயரமும் குறுமையும் கொண்ட வண்டிகள் அந்த நான்கு மீட்டருக்குள்ளேயே அணிவகுத்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அத்தகைய சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அவ்வளவுகளைக் கடந்த கார்களுக்கு 40 சதவீதம். நீளமே இயல்பாகிய எஸ்டேட் இப்போட்டியில் எங்ஙனம் வெல்லும்?

மகனின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. "அண்ணா, விலையின் பெரும்பகுதி இறங்கிய பிறகுதானே நாம் வாங்குகிறோம்? பொருள் வைக்கும் இடமோ ஏராளம். நெடுஞ்சாலையில் அசையாமல் செல்லும்" என்றார். சிறிய எஸ்.யு.வி.யின் டிக்கி ஏறத்தாழ 330 முதல் 380 லிட்டர் கொள்ளும். வி90 போன்ற எஸ்டேட் 560 லிட்டர் கொள்ளும். எஸ்டேட்டின் பாரமையம் தாழ்ந்திருப்பதால் வளைவில் சாய்வு குறைவு. சேலம் செல்வோர் தொப்பூர்க் கணவாயைக் கடந்தாக வேண்டும். அங்கே நேர்ந்த விபத்துகளை நேயர்கள் அறிவர். அவ்விறக்கத்தில் உயரமான வண்டியை ஓட்டுவோர் தாழ்ந்த கியரில் நிதானமாக இறங்குதல் வேண்டும். எந்த வண்டியாயினும் நியூட்ரலில் விடுதல் தகாது.

மருமகளின் வாதத்திலும் உண்மை இருந்தது. அல்சூர்ச் சந்தில் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீள வண்டியைத் திருப்புவதே ஒரு வித்தை. பெங்களூரு வேகத்தடைகளோ சில இடங்களில் சிறு குன்றுகளாகவே எழுந்து நிற்கின்றன. பழைய உயர்தரக் காரின் செலவையும் அவர் தாளில் எழுதிக் கொண்டு வந்திருந்தார். அதை நாம் கூட்டிப் பார்த்து ஒரு பாடம் கற்றோம்: பழைய காரின் விலை இறங்கும், பழுது பார்க்கும் செலவு இறங்குவதில்லை. ஒரு டயரோ, ஒரு விளக்கோ, ஒரு சஸ்பென்ஷன் உறுப்போ, அது பிறந்தபோது இருந்த விலைக்கு ஏற்பவே பணம் கேட்கும். இத்தனைக்கும் அந்த எஸ்டேட்டின் விலை புதிய எஸ்.யு.வி.யின் விலையைப் போல் இருமடங்கு. பெரியவரின் பணிக்கொடை முழுவதும் அதில் கரைந்துவிடும்.

உயரமான வண்டி வெள்ளத்துக்கு அஞ்சாது என்று மருமகள் சொன்னதை மட்டும் நாம் ஏற்கவில்லை. 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் உயிரிழந்ததை மறத்தலாகாது. முழங்கால் ஆழத்தைச் சிறிது கடந்து நீர் ஓடினால் எஸ்.யு.வி.யையும் அது அடித்துச் செல்லும். காருக்கு எத்தனை உயரம் இருப்பினும் அது ஓடம் ஆகாது.

வாதம் சமமாக நின்றது. ஆகவே மறுவாரம் அளவு நாடாவையும் சக்கர நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, அம்மையாரையும் அழைத்துக்கொண்டு இரு வண்டிகளையும் பார்க்கப் புறப்பட்டோம். எஸ்டேட்டில் நாற்காலி படுத்த வாக்கில் எளிதாக நுழைந்தது; அதன் அருகே இரண்டு பெட்டிகளும் ஓர் அரிசி மூட்டையும் வைக்க இடம் இருந்தது. மகன் வெற்றிப் புன்னகை புரிந்தார். எஸ்.யு.வி.யிலோ நாற்காலியை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அது வைத்தபின் இரண்டு சிறு பைகளுக்கே இடம் மிஞ்சியது.

பிறகு அம்மையாரை அமரச் சொன்னோம். எஸ்டேட்டின் இருக்கை நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. அமர்ந்துவிட்டார்; எழ முடியவில்லை. மகனும் மருமகளும் இருபுறமும் பற்றித் தூக்கினர். எஸ்.யு.வி.யின் இருக்கை இடுப்பளவில் இருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து அமர்ந்தார். கதவின் மேற்பிடியைப் பற்றிக்கொண்டு, கால்களைத் தரையில் ஊன்றித் தாமே எழுந்தார்.

அப்போது அவர் நம்மை நோக்கிச் சொன்னார்: "தம்பி, இரண்டு மாதமாக எல்லாரும் ஏறுவதைப் பற்றியும் ஓடுவதைப் பற்றியும் பேசுகிறீர்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஊரில் என் தாய் திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருப்பாள். என்னை இருவர் தூக்கி இறக்குவதை அவள் பார்க்க வேண்டாம்."

மகன் ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் தாயின் கையைப் பற்றிக்கொண்டே வந்தார். மறுநாள் சிறிய எஸ்.யு.வி.க்கு முன்பணம் கட்டப்பட்டது. பணிக்கொடையில் பெரும்பகுதி வங்கியிலேயே தங்கியது. ஐவர் அமர்ந்தால் மூட்டை முடிச்சுக்கு இடமில்லையே என்ற குறையையும் பெரியவரே தீர்த்தார். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியருக்குரிய இலவசப் பாஸ் இருக்கிறதல்லவா? அரிசி மூட்டை வரவேண்டிய மாதங்களில் அவர் மட்டும் சேலத்திலிருந்து ரயிலில் மூட்டையோடு வருகிறார்!

நேயர்களே, எஸ்டேட் தாழ்ந்தது, எஸ்.யு.வி. உயர்ந்தது என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. நல்ல முழங்காலும் நிறைந்த சாமானும் போதிய வரவும் உடைய குடும்பத்துக்கு எஸ்டேட்டே பொருந்தும். நாம் சொல்வது ஒன்றே. கார் வாங்கப் புறப்படும்போது, அதில் ஏறுவோருள் உடல்வலிமை மிகக் குறைந்தவர் யாரோ அவரை முதலில் அழைத்துச் செல்லுங்கள். அவர் அமர்ந்து எழட்டும். மற்ற கணக்குகளை அதன்பின் போடலாம்.