இரண்டு மோதல்களுக்கு நடுவே

கணினித் திரையில் அணுக்கள் அசைவதைக் காட்டும் படங்களுக்கு ஒரு வசீகரம் உண்டு. பார்த்த மாத்திரத்தில், இயற்கையையே நேரில் கண்டுவிட்டதாக மனம் நம்பத் தொடங்குகிறது. தாழ்வெப்பப் பிளாஸ்மா ஒரு திடப்பொருளின் மேற்பரப்பை என்ன செய்கிறது என்று காட்டும் படங்கள் அத்தகையவை. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், எதைக் காட்டாமல் விட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லாதவரை அவற்றைச் சான்றாக ஏற்கலாகாது என்பதே என் கட்சி.

பிளாஸ்மா என்பது எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியே உலவும் வாயு. சில்லுத் தொழிற்சாலைகளின் வெற்றிடக் கலங்களில் இருப்பது விசித்திரமான வகை: அதன் எலெக்ட்ரான்கள் பல்லாயிரம் டிகிரி வெப்பத்தில் திரிய, சுற்றியுள்ள வாயுவோ அதனோடு ஒப்பிட ஏறக்குறையக் குளிர்ந்தே கிடக்கிறது. அமிலம் சிலிக்கனை எல்லாப் பக்கமும் அரிக்கும். பிளாஸ்மாவின் அயனிகளோ மேற்பரப்பில் செங்குத்தாக வந்து மோதுகின்றன. நேரான சுவர்களுடைய நுண்பள்ளங்களைச் செதுக்க முடிவது அதனால்தான்.

இத்துறையின் ஆதாரப் புதிரை 1979இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஜான் கோபர்னும் ஹெரால்ட் வின்டர்ஸும் எளிய சோதனையொன்றில் முன்வைத்தனர். செனான் டைஃப்ளூரைடு வாயுவை மட்டும் சிலிக்கன்மீது செலுத்தினால், அது நிமிடத்திற்கு ஒரு நானோமீட்டருக்கும் குறைவாகவே அரிந்தது. ஆர்கான் அயனிக் கற்றையை மட்டும் செலுத்தினாலும் அவ்வாறே. இரண்டையும் சேர்த்துச் செலுத்தியபோது ஐந்து நானோமீட்டரைத் தாண்டியது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டாகவில்லை. ஏன் என்பதில் அறிஞர்கள் நெடுநாள் மாறுபட்டு நின்றனர்.

இங்கேதான் கணினி உதவிக்கு வந்தது. சில ஆயிரம் அணுக்களை ஒரு பெட்டியில் அடுக்கி, அவற்றுக்கிடையிலான விசையை ஒரு சமன்பாட்டால் தந்து, நியூட்டனின் விதிப்படி நகரவிடுவது இதன் முறை. சிலிக்கனுக்கான அத்தகைய சமன்பாடொன்றை ஸ்டிலிங்கரும் வெபரும் 1985இல் அளித்தனர். பின்னர் ஃப்ளூரினும் அதில் சேர்க்கப்பட்டது. அயனி மோதியதும் மேலடுக்கு கலங்குவதையும், ஃப்ளூரின் உள்ளே புதைவதையும், பிணைப்புகள் தளர்ந்து துணுக்குகள் வெளியேறுவதையும் ஆய்வாளர்கள் படிப்படியாகப் பார்க்க முடிந்தது. எந்த நுண்ணோக்கியும் தந்திராத காட்சி அது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மோதலைக் கணினி பின்தொடர்வது சுமார் ஒரு பிகோ நொடி. அதாவது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பெட்டியின் மேற்பரப்பு பத்துச் சதுர நானோமீட்டர் என்றால், உண்மையான கலத்தில் அங்கே அடுத்த அயனி வந்து விழ ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகும். அது நூறு கோடி மடங்கு. பார்த்தது ஒரு நொடி என்று கொண்டால், தாண்டிக் குதித்தது முப்பது ஆண்டுகளுக்கும் மேல். அணுக்கள் மெல்ல இடம்பெயர்வதும், துணுக்குகள் வெப்பத்தால் கழன்று போவதும் அந்த நெடிய இடைவெளியில்தான். இதை ஈடுகட்ட, பலவீனமாக ஒட்டியிருக்கும் துணுக்குகளை ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் ஆய்வாளரே நீக்கிவிடும் வழக்கம் உண்டு. எது பலவீனம் என்ற எல்லைக்கோட்டையும் அவரே வரைகிறார். படத்தில் அந்தக் கை தெரிவதில்லை.

நரம்பு வலைப்பின்னல்களைக் கொண்டு அணுவிசைகளைக் கற்பிக்கும் முறையை 2007இல் பெலரும் பாரினெல்லோவும் காட்டிய பின், இத்துறை வெகுவாக முன்னேறியிருக்கிறது. குவாண்டம் கணக்கீட்டுக்கு நெருங்கிய துல்லியம் மிகக் குறைந்த செலவில் கிடைக்கிறது. எனினும் நூறு கோடி மடங்கு இடைவெளி அதனால் மூடிவிடவில்லை. கற்பிக்கப்படாத ஒரு நிலையில் அணுக்கள் சிக்கும்போதும் அந்த வலைப்பின்னல் ஏதோவொரு விசையைச் சொல்லத்தான் செய்யும். அயனி மோதும் கணமோ இயல்பிலேயே அத்தகைய விபரீத நிலைகள் நிறைந்தது.

சோதனைகள் செலவு மிக்கவை, கணினியோ மலிவானது என்பார்கள். வாதம் நியாயமானதே. அதற்காக, கணினியைத் திருத்தக்கூடிய ஒரே சாட்சியைக் கூடத்திலிருந்து வெளியேற்றிவிடலாமா? 1979இன் சோதனை இல்லையெனில், பிந்தைய மாதிரிகளுக்கு விடை காண ஒரு வினாவே இருந்திராது. கற்றைகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் அத்தகைய பொறுமையான சோதனைகளுக்கு இன்றும் பணமும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும். கணினிப் படத்தை வெளியிடுவோர் எத்தனை நொடியைப் பார்த்தார்கள், எத்தனை நொடியைத் தாண்டினார்கள், எந்தத் துணுக்கைத் தாங்களே நீக்கினார்கள் என்பதைப் படத்தின் அடியிலேயே எழுத வேண்டும். சொல்லாமல் விட்ட இடத்தைக் கவனித்துப் படிக்கப் பழகிய இலக்கிய வாசகர்களுக்கு, இது அதிகப்படியான கோரிக்கையாகத் தோன்றாது.