நம்பிக்கையைக் காக்க மறைக்கலாமா? மோர்மன் வரலாற்று வாதங்கள் குறித்து

மோர்மன் திருச்சபை தன் வரலாற்றில் நேர்மை தவறியது என்ற குற்றச்சாட்டுக்கு அதன் ஆதரவாளர் பலர் தரும் விடை இதுதான்: "நாங்கள் பொய்யுரைக்கவில்லை, எளிய மக்களின் நம்பிக்கை குலையக்கூடாது என்று சிலவற்றைச் சொல்லாமல் விட்டோம்." இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. அதற்காக, அவர்களுடைய வரலாறு முழுவதும் மோசடியே என்று கைதட்டுவோருடன் சேரவும் நம்மால் இயலாது.

ஜோசப் ஸ்மித்தின் நபித்துவ வாதத்தை நாம் நிராகரிக்கிறோம். நபித்துவம் முஹம்மது (ஸல்) அவர்களோடு முத்திரையிடப்பட்டுவிட்டது, அதில் மறுபேச்சில்லை. ஆயினும் ஒருவரின் கொள்கை வழிகேடு என்பதால் அவர்மீது சுமத்தப்படுபவை யாவும் மெய்யாகிவிடா. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஸ்மித்தைத் தூற்றியோர் அவருக்குச் சூட்டிய இழிபெயர்களுள் ஒன்று 'அமெரிக்க முஹம்மது'. அவரை அடிக்க ஓங்கிய கோல் நம் நபியின் மீதும் விழவே ஓங்கப்பட்டது. அக்கோலை நாமே கையில் எடுக்கலாமா?

பலதார மணத்தை எடுத்துக்கொள்வோம். பலதார மணம் என்றதும் அதிர்ச்சியடைவோர் கூட்டத்தில் நாம் இல்லை. நம் கேள்வி வேறு. 1844ஆம் ஆண்டு மே மாதம் நாவூ நகரில் ஸ்மித் மக்கள் முன் நின்று, தமக்கு ஒரே மனைவிதான் என்ற பொருள்பட மறுத்துரைத்தார். அவர் மணந்த பெண்களின் தொகை 30 முதல் 40 வரை இருக்கலாம் என்பதை 2014இல் திருச்சபையே தன் கட்டுரையில் எழுதியது. நிகாஹைச் சாட்சிகளோடு நடத்தி ஊரறியச் செய்யச் சொல்லும் மார்க்கத்தில் வளர்ந்த நமக்கு, இதில் குற்றம் எது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. 1890இல் பலதார மணம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். அதன் பின்னும் சில திருமணங்கள் மறைவில் நடந்தன. 1904இல் இரண்டாம் அறிவிப்பு தேவைப்பட்டது அதனால்தான்.

"நம்பிக்கைக்காகத்தானே" என்கிறார்கள். மக்களைக் குர்ஆனின் பக்கம் ஈர்க்கவே செய்தோம் என்று கூறி, சூராக்களின் சிறப்புகள் பற்றி ஹதீஸ்களைப் புனைந்தோர் நம்மிடையேயும் இருந்தனர். நோக்கம் நல்லதென்று ஹதீஸ்கலை இமாம்கள் அவர்களை விட்டுவிடவில்லை. இட்டுக்கட்டியோர் வரிசையில் பெயர் சொல்லி எழுதிவைத்தனர். மார்க்கத்திற்குப் பொய் முட்டுக்கொடுக்கும் என்று நினைப்பதே மார்க்கத்தை இழிவுபடுத்துவதல்லவா?

இனி விமர்சகர் பக்கம். இன்றும் யாவும் மூடிவைக்கப்பட்டுள்ளன என்பது உண்மையன்று. ஸ்மித்தின் ஆவணங்கள் 2008 முதல் 2023 வரை தொகுதி தொகுதியாக அச்சேறின. மொழிபெயர்ப்புக்கு அவர் பயன்படுத்திய கல்லின் படத்தைத் திருச்சபையே 2015இல் வெளியிட்டது. 1857இல் மௌன்டன் மெடோஸில் மோர்மன் படையினர் ஏறத்தாழ 120 பயணிகளைக் கொன்றதை 1950இல் நூலாக ஆராய்ந்து எழுதிய ஜுவானிட்டா புரூக்ஸ், திருச்சபையை விட்டு விலகாத ஒரு பெண்மணி. இவரையும் பொய்யர் கணக்கில் சேர்ப்பது அநீதி.

மார்க் ஹாஃப்மன் விவகாரம் இருதரப்பாரும் நினைவில் வைக்கத்தக்கது. திருச்சபையின் தோற்றக் கதையைச் சங்கடத்துக்குள்ளாக்கும் பழங்கடிதங்களை அவன் போலியாகத் தயாரித்தான். திருச்சபைத் தலைவர்கள்கூட அவனிடம் ஆவணங்கள் வாங்கினர். 1985 அக்டோபரில், குட்டு வெளிப்படும் வேளையில், அவன் வைத்த குண்டுகளுக்கு இருவர் பலியாயினர். அக்கடிதங்களுள் மிகப் புகழ்பெற்றதன் மீது முன்கூட்டியே ஐயம் எழுப்பியவர் யார் தெரியுமா? திருச்சபையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தெழுதிய ஜெரால்ட் டானர். தம் கட்சிக்குச் சாதகமான கடிதத்தையே அவர் உரசிப் பார்த்தார். அறிவிப்பாளரின் தராதரத்தை ஆராயும் கலையைப் பயிற்றுவிக்கும் நமக்கு அவர்மேல் மதிப்பு பிறக்கிறது.

திருச்சபை திறந்துவிட்டதே, இனியும் ஏன் பழி என்று கேட்போரிடம் நமக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது. 1890க்குப் பிந்தைய மறைவுத் திருமணங்களை 1985இலேயே சான்றுகளோடு எழுதியவர் வரலாற்றாசிரியர் மைக்கேல் குவின். 1993 செப்டம்பரில் அவர் திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டார். அத்திருமணங்கள் நடந்ததைத் திருச்சபையின் கட்டுரைகளே பின்னர் ஒப்புக்கொண்டன. 2021இல் அவர் இறக்கும்வரை அந்நீக்கம் நீக்கமாகவே இருந்தது.