அலுமாரிக்குள் இருக்கும் கலியாண டிவிடிகளைப் பற்றி



கொஞ்சம் நீளமான பதிவு. குறிப்பாகப் பெண்கள் நேரமெடுத்து வாசிக்கவும். ஆண்கள் வாசித்தால் வீட்டிலும் சொல்லவும்.

இந்த நோன்பு லீவில் ஒருநாள் அஸருக்குப் பிறகு உம்மா கேட்டார். "உன்ட கலியாண டிவிடி இரிக்கா மகள்? ஒருக்காப் போடு. வாப்பாட சத்தத்தைக் கேக்கணும் போல இரிக்கி."

வாப்பா மௌத்தாகி இரண்டு வருஷம். போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரல் என்று தேடினால் போனில் மூன்று நான்கு சின்ன வீடியோக்கள்தான். அவர் ஆட்களை வரவேற்பது, சிரிப்பது, நீளமாகப் பேசுவது எல்லாம் இருப்பது 2012இல் எடுத்த என் நிக்காஹ் டிவிடியில் மட்டும்.

உம்மா வீட்டுப் பழைய பிளேயரில் போட்டேன். தொடக்கம் நன்றாக ஓடியது. வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் சொல்லத் தொடங்கும் இடம் வந்தது. அந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து, அப்படியே நின்றுவிட்டது. வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டாலும் அதே இடம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்ல மகள்" என்று எழும்பி உள்ளே போனார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கடையில் கொடுத்தால் சரிபார்த்துத் தருவார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். கொடுக்க மனம் வரவில்லை. அந்த டிவிடியின் இரண்டாவது பாதி முழுக்கப் பெண்கள் பக்கம். என் மச்சாள்மார், மாமிமார், அன்று சின்னப் பிள்ளைகளாக இருந்து இன்று கலியாணம் முடித்துவிட்ட ராத்தாவின் மகள்மார் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நம் வீட்டுக்குள் மட்டும் பார்ப்பார்கள் என்று நம்பித்தான் அவர்கள் கெமராவுக்கு முன்னால் நின்றார்கள். கடையில் இருக்கும் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் அவருடைய கம்பியூட்டரில் ஒரு கொப்பி தங்கிவிட்டால் அதை யார் அழிப்பது? அந்தக் கம்பியூட்டர் நாளைக்கு யாருடைய கைக்குப் போகும்?

அதனால் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். நான் ஐ.சி.டி. டீச்சர் இல்லை. கல்வியியற் கல்லூரியில் படித்தது ஆரம்பக் கல்வி. எனக்கு முடிந்தது என்றால் இதை வாசிக்கும் எந்தப் பெண்ணுக்கும் முடியும். இந்தப் பதிவின் நோக்கமே அதுதான். இந்த வேலையை நம் வீட்டுப் பெண்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் பழைய டிஸ்கை மீட்ட கதை.

டிஸ்கைத் துடைக்கும்போது நாம் எல்லோரும் வட்டமாகத் துடைப்போம். அது பிழை. டிவிடியில் பதிவு வட்டமாக, சுருள் போலப் போகிறது. வட்டமாகத் துடைத்து ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறையத் தகவல் போய்விடும். மெல்லிய துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு பிளேயரில் ஓடாத டிஸ்க் இன்னொன்றில் ஓடலாம். சக ஆசிரியை ஒருவரிடம் யூ.எஸ்.பி.யில் இணைக்கும் டிவிடி ரைட்டர் ஒன்று இரவல் வாங்கினேன். என் லெப்டொப்பில் போட்டபோது பாதிக்கு மேல் வாசித்தது. ஆனால் கொப்பி பண்ணும்போது அதே இடத்தில் பிழை என்று சொல்லி நின்றது. அந்த ஆசிரியைதான் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளைக் காட்டித் தந்தார். சாதாரணமாகக் கொப்பி பண்ணும்போது பழுதான இடம் வந்தால் எல்லாமே நின்றுவிடும். இது அப்படியில்லை. நல்ல இடங்களை முதலில் எடுத்து வைத்துவிட்டு, பழுதான இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் முயற்சி செய்கிறது. இரவு முழுக்க ஓடவிட்டேன். ஸுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது முடிந்திருந்தது. சில செக்கன் படம் மட்டும் உடைந்திருந்தது. வாப்பாவின் குரல் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இதை உம்மாவுக்கு மீண்டும் டிவிடியாக அடித்துக் கொடுக்க வேண்டும். "போனில் பார்க்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். உம்மாவுக்குக் கண் பார்வை குறைவு, போனின் சின்னத் திரை பிடிபடாது. பிளேயரின் தட்டை வெளியே எடுத்து, டிஸ்கை வைத்து, தள்ளிவிடுவது அவருக்குப் பழகிய வேலை. யாருடைய உதவியும் இல்லாமல், நினைத்த நேரம் அவரே போட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் மூன்று டிஸ்க் வீணாகியது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. நீங்களும் அதே பிழையைச் செய்யாமல் இருக்கச் சொல்கிறேன்.

முதலாவது டிஸ்க்: போனில் ஓடும் எம்பி4 வீடியோவை அப்படியே வெற்று டிவிடியில் இழுத்துப் போட்டேன். லெப்டொப்பில் ஓடியது. உம்மாவின் பிளேயர் ஏற்கவில்லை. டிஸ்க் பழுது என்று நினைத்தேன், டிஸ்கில் பிழையே இல்லை. பழைய பிளேயருக்கு எம்பி4 தெரியாது. அதற்கு எம்பெக்-2 என்ற வகையில், டிவிடிக்கு உரிய போல்டர் அமைப்பில் இருக்க வேண்டும். அந்த அமைப்பைச் செய்ய டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் பால் என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். இலங்கை டிவிக்கு உரியது அதுதான். 720க்கு 576 அளவு, செக்கனுக்கு 25 படம்.

இரண்டாவது டிஸ்க்: நிக்காஹ் வீடியோவுடன் போனில் இருந்த வாப்பாவின் சின்ன வீடியோக்களையும் சேர்த்தேன். ஓடியது. உம்மா பார்த்துவிட்டுச் சொன்னார், "வாப்பாட வாய் ஒரு பக்கம் போகுது, சத்தம் இன்னொரு பக்கம் வருது." அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. காரணம், போன் வீடியோ எடுக்கும்போது வெளிச்சம், வேகம் பார்த்து செக்கனுக்கு எடுக்கும் படத்தின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கிறது. டிவிடிக்கோ எப்போதும் ஒரே எண்ணிக்கை வேண்டும். மாற்றும்போது படமும் சத்தமும் பிரிந்துவிடுகின்றன. இதற்கு, போன் வீடியோக்களை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, செக்கனுக்கு 25 படம், மாறாத எண்ணிக்கை என்று தெரிவு செய்து, சத்தத்தை 48 கிலோஹேர்ட்ஸ் என்று வைத்து மாற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் டிவிடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது டிஸ்க்: எல்லாம் சரியாக இருந்தது. கடைசிப் பகுதியில் மட்டும் நின்று நின்று ஓடியது. இருப்பதிலேயே விலை குறைந்த டிஸ்கை வாங்கி, அவசரத்தில் 16 என்ற உச்ச வேகத்தில் அடித்திருந்தேன். டிவிடி நடுவில் இருந்து தொடங்கி விளிம்பில் முடிகிறது. கழன்று கழன்று பிழை வருவது பெரும்பாலும் விளிம்பில்தான், அதனால்தான் படத்தின் கடைசி பழுதானது. வேகத்தை 4 அல்லது 8 என்று குறைத்தால் நல்லது. 4இல் ஒரு முழு டிஸ்க் அடிக்கக் கால் மணித்தியாலம் அளவில் எடுக்கும். ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடிக்கும் நேரம். அடித்து முடிந்ததும் சரிபார்க்கும் வசதியையும் போட்டு வையுங்கள். அடிக்கிற நேரத்தில் லெப்டொப்பில் வேறு வேலை செய்யாதீர்கள்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்கில் 4.7 கிகாபைட் என்று எழுதியிருக்கும். கம்பியூட்டர் அதையே 4.38 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, இரண்டும் எண்ணும் முறை வேறு. நம் பிள்ளைகளுக்குக் கணக்காகவே கொடுக்கலாம். 4.7 கிகாபைட் என்பது 37,600 மெகாபிட். இரண்டு மணித்தியாலம் 7,200 செக்கன். வகுத்தால் ஒரு செக்கனுக்கு 5.2 மெகாபிட். படமும் சத்தமும் சேர்த்து அதற்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் இடம் விட்டு 4.8 என்று வைத்தால் போதும். மூன்று மணித்தியால வீடியோவை ஒரே டிஸ்கில் திணித்தால் 3.5க்கும் குறைந்துவிடும், முகங்கள் மங்கும். இரண்டு டிஸ்காகப் பிரிப்பதே மேல்.

கடைசியாக நான் கற்றுக்கொண்டது, நேராக டிஸ்கில் அடிக்காமல் முதலில் ஐஎஸ்ஓ என்ற ஒரே ஃபைலாக லெப்டொப்பில் செய்துகொள்ள வேண்டும். அதை விஎல்சியில் போட்டு, தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும். சரியென்றால் அதை இம்க்பேர்ன் போன்ற மென்பொருளால் டிஸ்கில் அடிக்கலாம். இதைத் தெரிந்திருந்தால் எனக்கு ஒரு டிஸ்காவது மிஞ்சியிருக்கும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

டிஸ்க் பார்ப்பதற்கு நல்லது. பாதுகாத்து வைப்பதற்கு அதை மட்டும் நம்பக் கூடாது. வீட்டில், ஸ்டூடியோவில் அடிக்கும் டிவிடியில் தகவல் ஒரு சாயப் படலத்தில்தான் எழுதப்படுகிறது. வெயில், சூடு, ஈரம் மூன்றும் அதற்கு ஆகாது. எங்கள் பக்கத்து வெக்கையும் கடல் காற்றும் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கீறலே இல்லாத டிஸ்க்கூட அலுமாரிக்குள் இருந்தபடியே பழுதாகும். பத்து பதினைந்து வருஷத்துக்கு முன் அடித்த டிஸ்குகளை நாம் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் ஒதுக்கி, இருக்கும் டிஸ்குகளை எல்லாம் ஃபைலாக எடுத்து வையுங்கள். டிவிடியின் முழு ஐஎஸ்ஓவை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், தரம் குறையாது. போனில் பார்க்க ஹேண்ட்பிரேக்கில் எம்பி4 ஆக ஒன்று செய்துகொள்ளுங்கள். அப்போது அசையும் இடங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போடுங்கள். டிவிடிக்கு முந்திய காலத்து வீசீடியாக இருந்தால் உள்ளே டாட் என்று முடியும் ஃபைல்கள் இருக்கும், அவற்றைக் கொப்பி பண்ணி விஎல்சியில் பார்க்கலாம். பென் டிரைவில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஃபைல் ஏற மறுத்தால் பென் டிரைவ் பழுது என்று நினைக்காதீர்கள். அது ஃபெட்32 முறையில் இருக்கும், எக்ஸ்ஃபெட்டுக்கு மாற்றினால் ஏறும். மாற்றினால் உள்ளே இருப்பவை அழியும், முதலில் அவற்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

ஹார்ட் டிஸ்கும் ஒருநாள் பழுதாகும். எனவே இரண்டு கொப்பி. ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான சொந்தத்தின் வீட்டில். 2004 சுனாமியில் எங்கள் கரையோரத்தில் எத்தனை வீட்டு அல்பங்கள் கடலோடு போயின. அதைக் கண்டவர்களுக்கு இரண்டாவது கொப்பி ஏன் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

சிலர் "யூடியூப்பில் போட்டுவிடுங்களேன், எப்போதும் இருக்கும்" என்கிறார்கள். மறைத்துப் போட்டாலும் லிங்க் கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம். பெண்கள் பக்கத்து வீடியோவுக்கு அது சரிவராது. வட்ஸ்அப் குடும்பக் குழுவிலும் போடாதீர்கள். தரமும் குறையும், எங்கே போகும் என்றும் தெரியாது.

இன்னும் சிலர் "கலியாணத்துக்கு வீடியோ எடுப்பதே தேவையில்லை" என்பார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. எடுத்த வீடியோக்கள் ஏற்கெனவே நம் அலுமாரிகளில் இருக்கின்றன. அவை அமானிதம். அதில் மௌத்தானவர்களின் குரலும் இருக்கிறது, உயிரோடு இருக்கும் பெண்களின் மானமும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இனிக் கலியாணம் வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டூடியோவுடன் பேசும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள். டிவிடியோடு மூல ஃபைல்களையும் ஹார்ட் டிஸ்கில் தர வேண்டும். கொடுத்த பிறகு பெண்கள் பக்கத்தை அவர்களிடம் இருந்து அழிக்க வேண்டும். பெண் கெமராக்காரர் கிடைத்தால் அவரிடமே எடிட்டிங்கையும் கொடுங்கள். பெண் எடுத்த வீடியோவை எடிட் பண்ண ஆண்களிடம் கொடுத்தால் என்ன பயன்?

பெற்றோருக்கும் ஒன்று. ஐ.சி.டி. படிக்கும் உங்கள் மகள்மாருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். "போனை வை, படி" என்று ஏசுகிறோம். அதே பிள்ளையிடம் மூத்தம்மாவின் பழைய டிஸ்கைக் கொடுத்து, "இதை மீட்டுத் தா" என்று சொல்லிப் பாருங்கள். கணக்கும் வரும், பொறுமையும் வரும், மூத்தம்மாவோடு உட்கார்ந்து பேசும் நேரமும் வரும்.

நான்காவது டிஸ்கை உம்மாவிடம் கொடுத்தேன். அவரே போட்டார். அந்த இடம் வந்தது. இரண்டு இடத்தில் படம் லேசாக உடைந்தது, வாப்பாவின் குரல் நிற்கவில்லை. முடிந்ததும் உம்மா கேட்டது ஒன்றுதான். "இதை எத்தின தரம் போட்டாலும் தேயாதா மகள்?"

"தேயாது உம்மா. பழுதானா இன்னொண்டு அடிச்சித் தாறன்" என்றேன். மூல ஃபைல் இரண்டு இடத்தில் பத்திரமாக இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

உங்கள் வீட்டிலும் இந்த வாரமே ஒரு டிஸ்கை எடுத்துப் போட்டுப் பாருங்கள். எங்கேயாவது தடங்கினால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். என்னைவிடத் தெரிந்தவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள். பெண்கள் தனியாகக் கேட்க விரும்பினால் இன்பொக்ஸில் கேட்கலாம்.

வாப்பாவுக்காகவும், உங்கள் வீட்டில் மறைந்தவர்களுக்காகவும் துஆச் செய்துகொள்வோம். அல்லாஹ் அவர்களுடைய கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.