வாயும் செவியும்

அமெச்சூர் வானொலி நிலையம் அமைக்கப் புகுவோர் பலர், அலைபரப்பியின் ஆற்றலைப் பெருக்கவே பெரும்பொருள் செலவிடுகின்றனர். வான்கம்பியை இறுதியிலேயே எண்ணுகின்றனர். இது முறையன்று. ஆற்றல் மிகுந்தால் நம் குரல் ஓங்கும். பிறர் குரல் நமக்குக் கேட்குமோ? வான்கம்பியோ நிலையத்திற்கு வாயுமாம், செவியுமாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகிற்குச் செய்தி தந்தோருள் இவ்வானொலியாளரும் இருந்தனர். அத்தகைய நாளில் துயருற்றோர் குரல் மெலிந்தே வரும். அதனைப் பற்றும் செவி வேண்டாவா? அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. 20 மீட்டர் அலைக்கு, ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள செப்புக்கம்பியை நடுவில் பிரித்து இணைப்புக்கம்பி பூட்டி, இரு மரங்களுக்கிடையே இயன்ற உயரத்தில் கட்டினால் போதும். உரிமம் பெற்றவர் கடல்கடந்த நாடுகளோடும் உரையாடலாம். மின்கம்பிகளின் அருகில் மட்டும் கட்டலாகாது.