இரண்டாவது போர்ட் எதற்கு?

வீட்டு சர்வருக்கு இரண்டு போர்ட் நெட்வொர்க் கார்டு தேடுகிறவர்களில் பலர், இரண்டு ஜிகாபிட் கேபிளைச் சேர்த்துவிட்டால் ஒரு ஃபைல் இரண்டு மடங்கு வேகத்தில் வந்து விழும் என்று நம்புகிறார்கள். விழாது. வழக்கமான லிங்க் அக்ரிகேஷனில் ஒரு இணைப்பின் டேட்டா ஒரே கேபிளில்தான் போகும். அந்த இன்னொரு போர்ட்டுக்கு உருப்படியான வேலை, சர்வரையே ரவுட்டர் ஆக்கும்போதுதான் வருகிறது: ஒன்று இன்டர்நெட்டுக்கு, மற்றது வீட்டு ஸ்விட்சுக்கு. அதற்கு இன்டெல் ஐ350 தாராளம். போலிகள் நிறைய உலவுகின்றன. விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைந்தால் விலகிவிடுங்கள்.

வேகம்தான் குறி என்றால் டேட்டா சென்டர்கள் கழித்துவிட்ட 10 ஜிகாபிட் இன்டெல் எக்ஸ்520 கார்டு என் தேர்வு. செருகும் முன் மதர்போர்டு கையேட்டைப் புரட்டுங்கள். கார்டுக்கு எட்டு பிசிஐஇ லேன் வேண்டும்; பல போர்டுகளின் இரண்டாவது நீள ஸ்லாட்டில் நான்குதான் உயிரோடு இருக்கும். பிசிஐஇ 2.0-இல் நான்கு லேன் என்றால் 16 ஜிகாபிட். இரண்டு போர்ட்டும் ஒருசேர முழு வேகம் எடுக்காது, வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவும் போவதில்லை. சாதாரண ஈதர்நெட் கேபிள் ஏற்கும் எக்ஸ்540-ஐ மட்டும் சின்ன கேபினெட்டில் வைக்காதீர்கள். நல்ல காற்றோட்டம் இல்லாவிட்டால் ஹீட்சிங்க்கில் கை வைக்க முடியாது.