கிளிக்கிக்கு ஒரு கதிரை வேணும்

பாகுபலி (2015) படத்தில காலகேயர் கதைக்கிற கிளிக்கி மொழியை உருவாக்கினவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஏறத்தாழ 750 சொல், 40 இலக்கண விதி. 'மின்' எண்டால் நான். திருப்பிப் போட்டால் 'நிம்', நீ. கெட்டித்தனமான வேலைதான், மறுக்கேல்லை.

ஆனால் சொல்லைத் திருப்பினால் எதிர்ச்சொல் வரும், வேர் வராது. டோல்கீன் தன்ர எல்ஃப் சனத்துக்கு முதலில் ஒரு மூலமொழியை வைத்து, அதிலிருந்து குவென்யா, சிந்தாரின் என்று கிளை பிரிய விட்டவர். சனம் பிரிந்த கதை அந்தச் சொற்களுக்குள்ளேயே கிடக்கு.

மண்டைதீவில எங்கட வீடுகளைப் பாருங்கோ. கதிரை, அலுமாரி, யன்னல், அலவாங்கு எல்லாம் போர்த்துக்கேயம். கக்கூஸ் ஒல்லாந்தர் விட்டுப்போனது (சிரிக்காதேங்கோ). 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து, கோயில்களை இடித்தவை எப்பவோ போயிட்டினம். அவையின்ர கதிரையில இப்பவும் அம்மம்மா இருக்கிறா. எதிரியும் சொல் விட்டுத்தான் போவான்.

மகிழ்மதியோட மோதின காலகேயரிட்ட அப்பிடி ஒரு சொல்லும் எனக்குக் கேக்கேல்லை. அவைக்குக் கிடைச்சது பயமுறுத்துற சத்தமும் கறுப்பு மேக்கப்பும்தான். சண்டைக்கு மட்டும் மொழி குடுத்து, வீட்டுக்குள்ள கதைக்க ஒண்டும் குடுக்காமல் விட்டால், அந்தச் சனம் காட்டுமிராண்டியாத்தான் தெரியும்.

புதுமொழி செய்ய ஆசைப்படுற ஆக்கள் இலக்கணத்துக்கு முதல் இதை யோசியுங்கோ: உங்கட சனம் ஆரிட்டத் தோத்தது, அவையிட்ட இருந்து என்ன சாமானை வாங்கினது, அதை இப்ப என்னெண்டு கூப்பிடுது?