புழுவும் கணக்குப் போடுகிறது

ஒரு புழு. நீளம் 1 மில்லிமீட்டர். கண் கிடையாது, காது கிடையாது. அதன் உடம்பில் உள்ள நரம்பு உயிரணுக்கள் மொத்தம் 302. நமக்கோ சுமார் 8,600 கோடி!

அழுகிய பழங்களில் வாழும் இந்தப் புழுவை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சோதித்தார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். தட்டில் புழுக்களை விட்டு, சுற்றிலும் கெட்டியான சர்க்கரைக் கரைசலால் வட்டம் போட்டார்கள். சர்க்கரை என்றதும் விருந்து என்று நினைக்க வேண்டாம். அது புழுவின் உடம்பில் உள்ள நீரை உறிஞ்சிவிடும். வட்டத்துக்கு வெளியே வெண்ணெய் வாசனை!

வாசனை "வா" என்று அழைக்கிறது. வட்டம் "வராதே" என்று விரட்டுகிறது. எதைக் கேட்பது? வயிறு நிறைந்த புழுக்கள் தயங்கி நின்றன. பட்டினி கிடந்த புழுக்களோ துணிந்து தாண்டின. இரண்டு புலன்களின் செய்தியோடு பசியையும் சேர்த்து எடை போடுகிறது, அந்தச் சின்னஞ்சிறு தலை.

"புழுவை ஆராயப் பணம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அது சரியல்ல. 8,600 கோடியில் சிக்கிக் கிடக்கும் முடிச்சை 302-ல் அவிழ்த்துப் பார்ப்பது சுலபம். அதற்கே காலம் பிடிக்கிறது. இந்தப் புழுவின் நரம்பு இணைப்புகளின் படம் 1986-லேயே வெளிவந்துவிட்டது. அந்த 302-ம் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பது இன்னும் முழுவதும் பிடிபடவில்லை.